நெஞ்சடைக்குது என்று சொன்னால் புரிவதற்கு ஓர் ஆள்

நேயர்களுக்கு வணக்கம். முப்பத்தொரு வருஷம் வார்டில் நின்றுவிட்டு இப்போது பென்ஷன் எடுக்கிறேன். தாதித் தொழிலில் வேலை வாய்ப்பு பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். வாய்ப்பு உண்டா என்றால், உண்டு. 2023இல் உலகம் முழுக்க 58 இலட்சம் தாதியர் பற்றாக்குறை என்று உலக சுகாதார நிறுவனமே கணக்குச் சொல்லியிருக்கிறது. அதை அத்தோடு விடுவோம். அந்த வேலைக்கு நம்ம மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஏன் போய்ச் சேரவில்லை? எனக்குப் பேச வேண்டியது அதுதான்.

நான் பயிற்சியில் இருந்த காலம். மலையகத்தில் ஓர் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். ராத்திரி ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து ஒரு பாட்டியை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கொழுந்துச் சாயம் ஏறிய விரல், காலில் அட்டை கடித்த தழும்பு. வார்டில் தமிழ் தெரிந்த தாதி ஒருவரும் இல்லை. அரைகுறையாகத் தமிழ் பேசும் ஊழியர் ஒருவர் கேட்டார். பாட்டி "நெஞ்சடைக்குது" என்றார். அந்த ஊழியருக்கு விளங்கியது சளி. அப்படியே சொல்லிவிட்டார், அப்படியே எழுதியாகிவிட்டது.

நான் பக்கத்துக் கட்டிலுக்குப் போகும்போது பாட்டி இடது கையைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "கை கடுக்குதா பாட்டி?" என்று கேட்டேன். "ஆமா தாயி, தோள்லேருந்து மரத்துப் போவுது" என்றார். நெற்றியெல்லாம் வியர்வை. ஓடிப்போய்ச் சொன்னேன், ஈசிஜி எடுத்தார்கள். மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார். எனக்கு அன்றைக்குப் பெரிய படிப்பு ஒன்றும் கிடையாது, பாட்டி பேசிய பாஷை தெரியும், அவ்வளவுதான்.

நுவரெலியா, பதுளை, டிக்கோயா என்று எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கட்டிலில் படுத்திருப்பவர்களில் நம்ம சனம் நிறைய. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முந்தியா பிந்தியா என்று தமிழில் சொல்ல ஆள்தான் குறைவு.

சரி, ஏன் குறைவு? பிள்ளைகளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. அரசாங்கத் தாதியர் பயிற்சிப் பாடசாலைக்கு விண்ணப்பிக்க உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு வேண்டும். தமிழில் விஞ்ஞானம் படிப்பிக்கும் 1ஏபி பாடசாலை மலையகத்தில் எத்தனை என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். உயர்தரம் உள்ள மிச்சப் பாடசாலையெல்லாம் 1சி. அங்கே கலையும் வர்த்தகமும்தான். சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளையைக்கூட, பஸ் காசுக்குப் பயந்து கிட்ட உள்ள பாடசாலையில் கலைப் பிரிவில் சேர்த்துவிடுகிறோம். தாதியாகும் கதவு அந்த வாரத்திலேயே மூடிவிடுகிறது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மூன்று வருஷம் கழித்து விண்ணப்பம் கேட்டு வர்த்தமானி வரும்போதுதான் தெரியும். பெற்றோர் என்மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை, இதைச் சொல்லத்தான் வேண்டும்.

உள்ளே போய்விட்டால் வழி ஓரளவு நேர்தான். மூன்று வருஷ டிப்ளோமா, படிக்கும்போதே மாதாமாதம் கொடுப்பனவு. படிப்பு ஆங்கிலத்தில். முதல் ஆறு மாதம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான் இருக்கும், அப்புறம் பழகிவிடும். சிங்களத்தையும் கூச்சப்படாமல் பேசிப் பழகுங்கள், மருந்துப் பத்திரத்தை வைத்துக்கொண்டு நாணப்பட நேரமில்லை. பெறுபேறு இன்னும் நல்லதென்றால் பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பே இருக்கிறது. ஆம்பிளைப் பிள்ளைகளும் போகலாம். இது பொம்பளை வேலை என்று சொல்கிறவர்கள் எலும்பு முறிவு வார்டில் ஒரு நாள் ஆள் தூக்கிப் பார்க்கட்டும்.

வெளிநாடு பற்றிக் கேட்பீர்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நிறையப் பேர் போனார்கள், இன்னும் போகிறார்கள். பிரித்தானியா என்றால் ஆங்கிலப் பரீட்சையும் அந்த நாட்டுப் பதிவும் வேண்டும். ஜெர்மனி என்றால் ஜெர்மன் பாஷையே படிக்க வேண்டும். ஆனால் தோட்டத்துக்கு வரும் ஏஜென்ட் இதெல்லாம் சொல்வதில்லை. "ஆறு மாதக் கோர்ஸ், நர்ஸ் வேலை" என்பார். முதியோரைப் பராமரிக்கும் கெயார்கிவர் வேலை வேறு, தாதி வேலை வேறு. அதுவும் மரியாதையான வேலைதான், இஸ்ரேலுக்கும் ஜப்பானுக்கும் அதற்காகவே ஆள் எடுக்கிறார்கள். ஒன்றைக் காட்டி இன்னொன்றை விற்பதுதான் அநியாயம். காசு கட்டுவதற்கு முந்தி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை முடித்தால் இலங்கை தாதியர் பேரவையில் பதியலாமா?" பதில் இழுபட்டால் எழும்பி வந்துவிடுங்கள். ஏஜென்சிக்கு லைசன்ஸ் இருக்கிறதா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி இப்போது இரண்டாம் வருஷம். விடிய ஐந்து மணிக்கு டோர்ச் அடித்துக்கொண்டு தேயிலை மலையிறங்கி, பஸ் பிடித்துப் போய் விஞ்ஞானம் படித்தவள். போன கிழமை போன் எடுத்தாள். ரத்தம் பார்த்தால் பயமில்லையாம், முதல் முறை ஊசி போட்டபோதுதான் கை நடுங்கியதாம். "யாருக்குப் போட்டாய்?" என்று கேட்டேன். "கொழுந்தெடுக்கிற அம்மா ஒருத்தவங்களுக்கு. 'பயப்படாம குத்து மவளே'ன்னு அவங்கதான் எனக்குத் தைரியம் சொன்னாங்க" என்றாள்.

வணக்கம் நேயர்களே.