சினிக் குழுவின் முதல் இசைத்தட்டில் வாசிப்புத் திறன்

அவைத்தலைவர் அவர்களே, இசைத்துறை ஆசிரியர்களே, மாணவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

டெத் மெற்றல் என்னும் கடுமையான ரொக் இசைவகையைச் சொன்னதும் உறுமற் குரலும் செவியை அடைக்கும் ஓசையுமே பலருக்கு நினைவில் எழும். அவ்விசையிலும் நின்று ஆராயத்தக்க வாசிப்பு உண்டு என்பதற்கு, மயாமியைச் சேர்ந்த சினிக் குழுவினர் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஃபோகஸ்' என்னும் முதல் இசைத்தட்டை எடுத்துக்கொள்கிறேன். எட்டு உருப்படிகள், ஏறத்தாழ 36 நிமிடங்கள். அது வெளிவந்த ஆண்டில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்ட நமக்கு அது மிகவும் பிந்தியே வந்து சேர்ந்தது.

இவர்களுடைய திறமையை வேகத்தைக் கொண்டு அளக்க முடியாது என்பது என் துணிபு. விரைந்து வாசிப்போர் அக்காலப் புளோரிடாவில் ஏராளமாக இருந்தனர். பிறர் வாசிப்பதைக் கேட்டு, அதற்கு இடம்விட்டுத் தன் பங்கை அமைத்துக்கொள்ளும் பக்குவமே இத்தட்டை வேறாக்குகிறது.

முதலில் பாஸ் கிற்றாரைக் கவனியுங்கள். இவ்வகை இசையில் அது பெரும்பாலும் கிற்றாரின் அடிச்சுரத்தையே பின்தொடர்ந்து, அதன் நிழலில் மறைந்துவிடும். ஷோன் மலோன் வாசித்ததோ மெட்டுகள், அதாவது சுரத்தானங்களைப் பிரிக்கும் குறுக்குக் கம்பிகள், இல்லாத பாஸ். ஆதலால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து செல்ல அவரால் முடிந்தது. போல் மஸ்விடாலும் ஜேசன் கோபெலும் கிற்றார்களில் கூர்மையாக வெட்டி வெட்டி வாசிக்கும் இடங்களிலேயே, அவர் அடியில் நீண்டதொரு தனி மெலடியை ஓடவிடுகிறார். இரு கைவிரல்களாலும் தந்திகளைத் தட்டி வாசிக்கும் சப்மன் ஸ்டிக் என்ற கருவியையும் அவர் கையாண்டிருக்கிறார்.

ட்ரம்ஸ் வாசித்த ஷோன் ரெய்னர்ட்டுக்கு அப்போது வயது 22 அளவுதான். பிளாஸ்ட் அடி எனப்படும் இடையறாத அதிவேக அடியால் வெளியை நிரப்பிவிடாமல், கால்களால் இரட்டை பாஸ் ட்ரம்மை ஓட்டியபடி, கைகளால் சிம்பல்களில் ஜாஸ் வாசிப்பவரைப் போல நுண்ணிய அழுத்தங்களை இடுகிறார். தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்டுத் தேர்ந்த செவிகளுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை: சங்கதிக்குச் சங்கதி நாதஸ்வரத்தோடு உடன்சென்று, நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தும் தவில்காரரின் விவேகம் இங்கும் உண்டு.

இந்தப் பக்குவம் ஒரே நாளில் வந்ததன்று. மஸ்விடாலும் ரெய்னர்ட்டும் 1991இல் டெத் என்னும் குழுவின் 'ஹியூமன்' இசைத்தட்டில் வாசித்து அனுபவம் பெற்றவர்கள். 1992 ஓகஸ்டில் தென் புளோரிடாவைத் தாக்கிய அன்ட்ரூ சூறாவளியால் தள்ளிப்போன ஒலிப்பதிவு, பின்னர் தம்பா நகரின் மொறிசவுண்ட் கலையகத்தில் ஸ்கொட் பேர்ன்ஸின் மேற்பார்வையில் நடந்தது. சினிக் குழுவினரின் 1991 மாதிரிப் பதிவிலிருந்த இரு பாடல்கள் இத்தட்டிலும் இடம்பெறுகின்றன. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால், இடைப்பட்ட காலத்தில் இவர்களின் செவி எவ்வளவு விரிந்திருக்கிறது என்பது தெரியும்.

குறையும் உண்டு. மஸ்விடாலின் குரலை இயந்திரக் குரலாக்கும் வொகோடர் தொடக்கத்தில் புதுமையாக இருந்தாலும், எல்லாப் பாடல்களிலும் வரும்போது அலுப்பூட்டுகிறது. உறுமற் குரலோ ஒட்டவைத்தது போலவே நிற்கிறது. குரலே இல்லாத ஏழாவது உருப்படியாகிய 'டெக்ஸ்சர்ஸ்' இதனாலேயே எனக்கு எல்லாவற்றிலும் மேலானதாகப் படுகிறது.

அதை இப்போது இரு தடவை ஒலிக்கவிடுகிறேன். முதற் தடவை பாஸை மாத்திரம் பின்தொடருங்கள். இரண்டாந் தடவை ரெய்னர்ட்டின் வலக்கையை.