நாமினி போட்டாயிற்று, இனி உயில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு

வணக்கம் நண்பர்களே. வங்கிக் கணக்கிலும் காப்பீட்டிலும் நாமினியின் பெயரைக் கொடுத்துவிட்டால் நமக்குப் பிறகு அந்தப் பணம் அவருக்கே சொந்தமாகிவிடும் என்று நம்மில் மிகப் பலர் நிம்மதியாக இருக்கிறோம். இந்தியச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை மட்டுமே நாமினிக்கு உண்டு. பெற்ற பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பதை உயிலும், உயில் இல்லாதபோது வாரிசுரிமைச் சட்டமும்தான் முடிவு செய்கின்றன.

காப்பீட்டுத் தொகை பற்றிய சர்பதி தேவி வழக்கில் 1983-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. நிறுவனப் பங்குகளுக்கும் இதே நிலைதான் என்று 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கிலும் தீர்ப்பளித்தது. காப்பீட்டில் மட்டும், பெற்றோரையோ துணையையோ பிள்ளைகளையோ நாமினியாக நியமித்தால் தொகை அவர்களுக்கே உரியது என்ற திருத்தம் 2015-இல் வந்தது. ஆனாலும் அதன் பொருள் குறித்து உயர் நீதிமன்றங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை என்பதால், அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்து ஆண் ஒருவர், தாம் சம்பாதித்த 40 லட்சம் ரூபாயை ஃபிக்ஸட் டெபாசிட்டில் வைத்து, மனைவியை நாமினியாகப் போட்டிருக்கிறார். உயில் எழுதாமலே காலமாகிவிடுகிறார். மனைவி, மகன், மகள் ஆகியோருடன் அவருடைய தாயாரும் உயிருடன் இருக்கிறார். வங்கி 40 லட்சத்தையும் மனைவியின் கையில் கொடுத்துவிடும். ஆனால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்த நால்வருக்கும் சமபங்கு உண்டு. எனவே மனைவிக்கு உரியது 10 லட்சம்தான். தாயாரின் பங்கைத்தான் பெரும்பாலானோர் நினைத்துப் பார்ப்பதில்லை. அந்தத் தாயாரும் உயிலின்றி இறந்துவிட்டால், அவருடைய 10 லட்சத்தில் அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும், அதாவது முதலில் காலமான மகனின் உடன்பிறந்தவர்களுக்கும் உரிமை வந்துவிடும். ஒரே குடும்பத்துக்குள் பேச்சுவார்த்தை அற்றுப்போவதும் வழக்கு மன்றம் ஏறுவதும் பல நேரங்களில் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன. தாய்க்குக் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. யாருக்கு எவ்வளவு என்பதை உழைத்துச் சேர்த்தவரே முடிவு செய்து எழுதி வைத்துவிட வேண்டும் என்பதைத்தான் வலியுறுத்துகிறேன்.

உயில் எழுதுவது நாம் அஞ்சுகிற அளவுக்குப் பெரிய வேலையல்ல. முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். பதிவு செய்வதும் கட்டாயமில்லை. ஆனால் சாட்சிகள் விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். எழுதியவர் கையெழுத்திடுவதைப் பார்த்த இருவர், அவர் கண் முன்னாலேயே சாட்சிக் கையெழுத்திட வேண்டும். உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. பிற்காலத்தில் வழக்கு வந்தால், உயிரோடிருக்கும் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்துக்கு வந்து சாட்சியம் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே நம்மைவிட வயதில் இளையவர்களாகவும், உயிலால் எந்தப் பலனும் அடையாதவர்களாகவும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. மனம் மாறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். கடைசியாக முறைப்படி எழுதியதே செல்லும். இஸ்லாமியர்களுக்கு விதி வேறு: மற்ற வாரிசுகளின் சம்மதம் இல்லாமல், பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க இயலாது.

இதற்காக நாமினியே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். நாமினி இல்லாத கணக்கிலிருந்து பணம் எடுக்க வாரிசுச் சான்றிதழுக்கும் மற்ற ஆவணங்களுக்கும் குடும்பத்தினர் அலைய நேரிடும். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக நியமிக்கலாம் என்பதால், உயிலில் உள்ள பெயர்களையும் நாமினிப் பெயர்களையும் ஒத்துப்போகும்படி அமைத்துவிடுங்கள்.

எழுதிய உயிலை வீட்டில் வைக்கத் தயக்கமாக இருந்தால், அதை உறையிலிட்டு முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கப் பதிவுச் சட்டத்தில் வழி இருக்கிறது. எழுதியவர் விரும்பினால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அவர் காலமான பிறகு, விண்ணப்பிப்பவரின் முன்னிலையில் பதிவாளர் அதைத் திறப்பார். அப்படி ஓர் உறை அங்கே இருக்கிறது என்பதை மட்டும் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.