கரி சுமந்த கப்பல்கள்

அவையோருக்கு வணக்கம்.

பசிபிக் கடலை ஆராயப் போன ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கின் 'எண்டெவர்' என்றால் கம்பீரமான போர்க்கப்பல் என்றுதான் பலரும் நினைக்கிறோம். இல்லை. 1764இல் இங்கிலாந்தின் விட்பி ஊரில் 'ஏர்ல் ஆஃப் பெம்ப்ரோக்' என்ற பெயரோடு கடலில் இறங்கிய நிலக்கரிக் கப்பல் அது. பருத்த வயிறு, தட்டையான அடி, வேகம் கிடையாது. 1768இல் கடற்படை அதை விலைக்கு வாங்கி, பெயரை மாற்றி, பசிபிக்குக்கு அனுப்பியது. குக்கும் இளவயதில் விட்பியின் கரிக்கப்பல்களில் தொழில் பழகியவர்தான். பின்னாளில் கலகத்துக்குப் பேர்போன 'பௌண்டி'கூட, 'பெத்தியா' என்று சரக்கேற்றிக் கொண்டிருந்த கப்பல்தான்.

அந்தத் தட்டை அடியின் அருமை 1770 ஜூன் 11 இரவு தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டில் கப்பல் மோதி உட்கார்ந்துவிட்டது. 6 பீரங்கிகளைக் கடலில் தள்ளினார்கள். மறுநாள் இரவு கடல் ஏற்றத்தில்தான் கப்பல் நகர்ந்தது. தண்ணீரோ உள்ளே ஏறிக்கொண்டே இருந்தது. பழங்கயிற்று நாரையும் ஆட்டு ரோமத்தையும் ஒரு பாயில் அப்பி, கப்பலுக்கு அடியில் இழுத்தார்கள். தண்ணீரின் இழுப்பிலேயே நார் ஓட்டைக்குள் புகுந்து அடைத்துக்கொண்டது. பிறகு ஓர் ஆற்றின் கரையில் ஏற்றிப் பார்த்தால், உடைந்த பவளக்கல் ஒன்றே ஓட்டையில் தக்கை மாதிரி செருகியிருந்தது! அப்படிக் கரையில் நிறுத்திப் பழுதுபார்க்கக் கரிக்கப்பலின் அடிதான் வசதி.

1771இல் ஊர் திரும்பியதும் குக்குக்குப் புகழ் வந்தது. கப்பலுக்கு என்ன கிடைத்தது? ஃபாக்லாந்துத் தீவுகளுக்குச் சாமான் சுமக்கும் வேலை! 1775இல் கடற்படை அதை விற்றேவிட்டது. வாங்கியவர் அமெரிக்க விடுதலைப் போருக்கு அதைக் கடற்படைக்கே வாடகைக்கு விடப் பார்த்தார். கப்பல் லாயக்கில்லை என்று தள்ளிவிட்டார்கள். அவர் பழுது நீக்கி, 'லார்ட் சாண்ட்விச்' என்று பெயர் சூட்டி மறுபடி கொண்டுவந்தார். சாண்ட்விச் பிரபுதான் அப்போது கடற்படைத் தலைவர். கப்பல்காரர் காரியக்காரர்! இம்முறை எடுத்துக்கொண்டார்கள். 1776இல் கூலிக்கு வந்த ஜெர்மானியச் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு அமெரிக்கா போனது. பிறகு நியூபோர்ட் துறைமுகத்தில் மிதக்கும் சிறையானது. 1778 ஆகஸ்டில் பிரெஞ்சுக் கப்பற்படை வந்தபோது, வழியை மறிக்க ஆங்கிலேயரே வேறு சில கப்பல்களோடு அதையும் மூழ்கடித்தார்கள்.

பெயர் மாறிப்போனதால், அங்கே மூழ்கிய 'லார்ட் சாண்ட்விச்'தான் உலகம் சுற்றிய கப்பல் என்று வெகுகாலம் யாருக்கும் தோன்றவில்லை. லண்டன் ஆவணங்களில் இரண்டு பெயரும் ஒரே கப்பல் என்று தெரிந்த பிறகுதான் தேடல் சூடுபிடித்தது. 2022இல் ஆஸ்திரேலியத் தேசியக் கடல்சார் அருங்காட்சியகம், நியூபோர்ட்டின் ஒரு சிதைவைக் காட்டி இதுதான் எண்டெவர் என்று அறிவித்தது. கூடவே ஆய்வு செய்த அமெரிக்கக் குழுவோ, அவசரப்படுகிறீர்கள் என்று உடனே ஆட்சேபித்தது. அந்தச் சிதைவின் மரங்களின் பருமனும் கட்டுமானமும் எண்டெவரோடு ஒத்துவருவதால், நான் ஆஸ்திரேலியர் பக்கம்தான் சாய்கிறேன்.