சங்க்கை ஒரு மணி நேரமாகச் சுருக்கினால் வேகம் கூடுமா?

அடுத்த கேள்வி ஏற்காட்டிலிருந்து. காபித் தோட்டத்தில் மண் ஈரத்தை அளக்க 40 சென்சார்கள், ஒவ்வொன்றும் 10 விநாடிக்கு ஒரு பதிவை டைம்ஸ்கேல்டிபிக்கு அனுப்புகிறது. நேரவாரியான பதிவுகளைச் சேமிக்கும் தரவுத்தளம் அது; பதிவுகளைக் கால அளவுப்படி துண்டு துண்டாகப் பிரித்து வைக்கும், அந்தத் துண்டுதான் சங்க். சங்க்கின் கால அளவு தானாக 7 நாள் என்று இருந்ததை நண்பர் 1 மணி நேரமாக்கிவிட்டார். "துண்டு சிறிதானால் தேடல் வேகமாகும் என்று பார்த்தால், மார்ச், ஏப்ரல் கோடைமழைக் காலத்தைப் போன ஆண்டோடு ஒப்பிடும்போது ஊர்ந்து போகிறதே?" என்கிறார்.

ஊராமல் என்ன செய்யும்? ஒவ்வொரு சங்க்கும், டைம்ஸ்கேல்டிபிக்கு அடித்தளமான போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் ஒரு தனி அட்டவணை. அதற்கென்று தனி இன்டெக்ஸ், அதாவது பதிவைச் சட்டென்று தேடிப் பிடிக்க உதவும் பட்டியல். உங்களுக்கு ஒரு மணி நேரத்தில் வருவது 14,400 பதிவுகள். படி நெல்லுக்கு ஒரு குதிர் கட்டியிருக்கிறீர்கள். அந்த இரண்டு மாதத்துக்கே 1,464 சங்க்குகள். இரண்டு ஆண்டுக்குமாக ஏறக்குறைய 3,000. ஒரு பதிவைக்கூடப் படிப்பதற்கு முன்பே, எதை எப்படித் திறப்பது என்று திட்டமிடுவதிலேயே நேரம் போய்விடும். 7 நாளாகவே விட்டிருந்தால் மொத்தம் இருபதுக்குள் முடிந்திருக்கும்.

கால அளவைத் தீர்மானிக்க வேண்டியது ரேம். புதிய பதிவுகள் விழுந்துகொண்டிருக்கும் சங்க்குகளின் இன்டெக்ஸ் எல்லாம் சேர்ந்து ரேமில் கால் பங்குக்குள் அடங்க வேண்டும் என்பதுதான் டைம்ஸ்கேல்டிபியின் பரிந்துரை. உங்கள் கணினியில் 4 ஜிபி என்றால் 1 ஜிபி. உங்களுக்கு மாதம் முழுவதும் சேர்ந்தாலே ஒரு கோடிப் பதிவுகளைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆகவே 7 நாளுக்கே திரும்புங்கள். 30 நாள் வைத்தாலும் நான் தடுக்க மாட்டேன். தோட்டத்தில் மின்சாரம் போய், தேங்கிய பதிவுகள் மறுநாள் மொத்தமாக வந்தாலும் கவலை வேண்டாம். அவை வந்து சேர்ந்த நேரத்தைப் பார்த்து அல்ல, அளந்த நேரத்தைப் பார்த்தே உரிய சங்க்குக்குப் போகும்.

சேலத்தில் நேரில் கேட்கிறவர்கள் பலரும் தடுமாறுவது இன்னொன்றில்: 1 நாள் சங்க் வைத்தால் அது நள்ளிரவில் மாறாது. எல்லை யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கு என்பதால் நம் கடிகாரத்தில் காலை 5:30க்கு மாறும். வினவலின் விடை இதனால் தவறாது.

கால அளவை மாற்றுவதற்கு செட்_சங்க்_டைம்_இன்டர்வெல் என்ற கட்டளை போதும். ஆனால் அது இனி உருவாகும் சங்க்குகளுக்கு மட்டுமே. ஏற்கெனவே குவிந்த ஒரு மணி நேரத் துண்டுகள் அப்படியே கிடக்கும். 7 நாள் அளவில் புதிய ஹைப்பர்டேபிள் (சங்க்குகளாகப் பிரியும் முழு அட்டவணை) ஒன்றை உருவாக்கி, பழையதை மாதம் மாதமாக அதற்குள் நகலெடுங்கள். எண்ணிக்கை சரிபார்த்த பிறகு பழையதை நீக்குங்கள்.