நட்டத்துக்கு எதுக்குங்க வரி?

நேயர்களுக்கு வணக்கம்.

ஜூலை மாதம் என்றால் திருப்பூரில் என் அலுவலகத்தில் உட்கார இடம் இருக்காது. வருமான வரி ரிட்டர்ன் போட ஜூலை 31 கடைசித் தேதி. அப்படி ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவும் மகனுமாக இரண்டு பேர் வந்தார்கள். அப்பா சின்னதாகப் பனியன் யூனிட் நடத்துகிறவர், பதினைந்து வருடப் பழக்கம். மகன் கோவையில் ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு இருக்கிறான். இந்த வருடம் ரிட்டர்னை நானே போட்டுக்கொள்கிறேன் என்று பையன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறான். வருமான வரித் தளத்தில் ஏஐஎஸ் என்று ஒரு பக்கம் இருக்கிறது, உங்கள் பான் எண்ணில் யார் யார் என்னென்ன தகவல் கொடுத்திருக்கிறார்கள் என்று காட்டுகிற பக்கம். அதில் அவன் பெயரில் கிரிப்டோ, அதாவது பிட்காயின் மாதிரி கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கிற காயின்கள், விற்பனை 20 லட்சம் ரூபாய் என்று இருந்தது. பையனுக்கு வேர்த்துவிட்டது.

"சார், நான் போட்டதே ரெண்டு லட்சம்தான் சார். பேங்குக்குத் திரும்பி வந்தது ஒரு லட்சத்து நாப்பத்தஞ்சாயிரம் சொச்சம். இருபது லட்சம் எங்கேயிருந்து வந்துச்சு?"

அப்பா அவனைப் பேசவிடவில்லை. "ஏனுங்க ஆடிட்டர், இவனே நட்டப்பட்டு வந்து நிக்கறான். நட்டத்துக்கு எதுக்குங்க வரி?"

நியாயமான கேள்வி. இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் முழுவதையும் அந்தக் கேள்விக்கே செலவழிக்கப் போகிறேன்.

20 லட்சம் எப்படி வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒரே ஒரு லட்சம் ரூபாயைக் காலையில் ஒரு காயினில் போட்டு, மாலையில் விற்று, மறுநாள் வேறொன்றில் போட்டு, இப்படியே இருபது முறை சுற்றவிட்டால் விற்பனை மதிப்பு 20 லட்சம் ஆகிவிடும். கையில் இருப்பது என்னவோ அதே ஒரு லட்சம்தான். 2022 ஜூலை 1 முதல் ஒவ்வொரு விற்பனையிலும் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது வரிக்காக முன்கூட்டியே ஒரு தொகை, பிடிக்கிறார்கள். லாபமா நட்டமா என்று அது கேட்பதில்லை. விற்ற தொகையில் நூற்றுக்கு ஒரு ரூபாய். விலை ஏறாமல் இறங்காமல் அப்படியே நின்றால்கூட, இருபது சுற்று முடிகிறபோது உங்கள் ஒரு லட்சம் 81,790 ரூபாயாகத்தான் இருக்கும். அந்தப் பணம் எங்கும் போய்விடவில்லை, உங்கள் பான் கணக்கில்தான் நிற்கிறது. ஆனால் ரிட்டர்ன் போட்டால்தான் வரியில் கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ முடியும். இந்தப் பையனுக்கு 20,000 ரூபாய் அப்படிப் பிடித்திருந்தார்கள். பிடித்ததே அவனுக்குத் தெரியாது.

இப்போது வரிக்கு வருவோம். 2022 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இந்தக் காயின்களுக்கு ஒரு சட்டப் பெயர் வைத்தார்: மெய்நிகர் டிஜிட்டல் சொத்து. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் இதை விற்று வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி, அந்த வரித் தொகையின் மேல் 4 சதவீத செஸ். ஆக 31.2 சதவீதம். வருமானம் குறைவு என்பதற்காக வரி விகிதம் குறையாது. அடிப்படை விலக்கு வரம்பும் இதற்குக் கிடையாது. வாங்கிய விலையைத் தவிர வேறெதையும் கழிக்கக் கூடாது. காயின்களை வாங்கி விற்க உதவும் எக்ஸ்சேஞ்ச் பிடித்த கமிஷன், அதன் மேல் ஜிஎஸ்டி, கடன் வாங்கிப் போட்டிருந்தால் வட்டி, எதுவும் கணக்கில் வராது. 2026 ஏப்ரல் 1 முதல் பழைய 1961-ஆம் ஆண்டு சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். பிரிவு எண்கள்தான் வேறு, 30 சதவீதம் அப்படியே இருக்கிறது.

நட்டம்தான் விவகாரமே. ஒரு காயினில் வந்த நட்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்க முடியாது. 2022 மார்ச்சில் நிதித் துறை இணையமைச்சர் பங்கஜ் சவுத்ரி மக்களவையிலேயே இதை எழுத்துபூர்வமாகச் சொல்லிவிட்டார். சம்பளத்தில் கழிக்க முடியாது, வாடகையில் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கும் எடுத்துப்போக முடியாது. ஷேர் மார்க்கெட்டில் மூலதன நட்டம் என்றால் எட்டு வருடம் சுமந்துபோகலாம். அட, பந்தயக் குதிரை வளர்க்கிறவருக்குக்கூட, குதிரையில் வந்த நட்டத்தைக் குதிரை வருமானத்தில் கழிக்க நாலு வருடம் தவணை கொடுத்திருந்தார்கள். குதிரைக்கு இருந்த மரியாதை காயினுக்கு இல்லை. எனக்கு இது சரியாகப் படவில்லை. லாபத்தில் பங்கு கேட்கிறவர் நட்டத்தையும் ஒரு பார்வை பார்க்க வேண்டாமா? ஆனால் ஆடிட்டருக்குச் சரியாகப் படுகிறதா இல்லையா என்று எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

பையனின் கணக்கைச் சொல்கிறேன், காகிதம் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். லாபம் வந்த விற்பனைகளை மட்டும் கூட்டினால் 1,20,000. நட்டம் வந்தவற்றைக் கூட்டினால் 1,50,000. நம் வீட்டுக் கணக்கில் 30,000 நட்டம். வரிக் கணக்கில் 1,20,000 லாபம். அதற்கு 30 சதவீதம் 36,000, செஸ் 1,440. ஆக 37,440. டிடிஎஸ்ஸாக ஏற்கெனவே போன 20,000-ஐக் கழித்தால் மீதி 17,440 ரூபாய் கட்ட வேண்டும், தாமதத்துக்கு வட்டி தனி. வருடத்தில் கட்ட வேண்டிய மீதி வரி 10,000 ரூபாயைத் தாண்டினால் முன்வரி கட்டியிருக்க வேண்டும் என்பதால் அந்த வட்டி. அசலே தேய்ந்து போன இடத்தில் வரி.

அப்பா கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் பலரும் தடுக்கி விழுகிற இடம் வேறு. "நான் விக்கவே இல்லீங்க, ஒரு காயினைக் குடுத்து இன்னொரு காயின் வாங்கினேன், ரூபாயே கைக்கு வரலை" என்பார்கள். ரூபாய் வர வேண்டியதில்லை. மாற்றினாலே விற்ற மாதிரிதான். 40,000 ரூபாய்க்கு பிட்காயின் வாங்குகிறீர்கள். அது 60,000 ஆனபோது கொடுத்துவிட்டு ஈத்தர் என்ற இன்னொரு காயின் வாங்குகிறீர்கள். அந்த நிமிடமே 20,000 ரூபாய் லாபம் பதிவாகிவிட்டது. பிறகு ஈத்தர் 35,000-க்கு இறங்குகிறது, மனசு கேட்காமல் விற்கிறீர்கள். அது 25,000 நட்டம், அதைச் சட்டம் கண்டுகொள்ளாது. போட்டது 40,000, வந்தது 35,000, கட்ட வேண்டிய வரி 6,240. பழைய நகையைக் கொடுத்துப் புது நகை வாங்கும்போது கடைக்காரர் பழையதற்கு முதலில் ஒரு விலை போடுவார் இல்லையா, அதே மாதிரி இங்கே ஒவ்வொரு மாற்றலுக்கும் அன்றைய ரூபாய் மதிப்பு போட வேண்டும்.

டாலர் விலையோடு கட்டிப்போட்ட யுஎஸ்டிடி என்று ஒரு காயின் இருக்கிறது. பசங்க ரூபாய் கொடுத்து முதலில் அதைத்தான் வாங்குகிறார்கள். அதை வைத்து மற்றதை வாங்கி, விற்று, மறுபடி அதற்கே திரும்பி வருவார்கள். அவர்கள் மனதில் அது ரூபாய் மாதிரி ஒரு சில்லறை. சட்டத்தின் கண்ணில் அதுவும் ஒரு காயின். அதைக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு விற்பனை. பையனின் பட்டியல் 1,312 வரிக்கு நீண்டதற்கு இதுதான் காரணம்.

அந்த 1,312 வரியோடு நானும் என் உதவியாளரும் நாலு நாள் குடித்தனம் நடத்தினோம். எக்ஸ்சேஞ்சிலிருந்து இறக்கிய கோப்பில் நேரம் நம் நேரம் இல்லை, கிரீன்விச் நேரம். ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். மார்ச் 31 இரவு 9.30 என்று ஒரு விற்பனை. நம் கடிகாரத்தில் அது ஏப்ரல் 1 விடிகாலை 3 மணி, அதாவது அடுத்த நிதியாண்டு. பையன் அந்த நேரத்தில் தூங்காமல் விற்றிருக்கிறான் என்பதை அப்பா அப்போதுதான் தெரிந்துகொண்டார். அது எனக்குத் தேவையில்லாத குடும்ப விஷயம். ஆனால் அந்த விற்பனையை எந்த வருடத்தில் போடுவது என்பது தேவையான விஷயம்.

இன்னொரு தொல்லை தசமப் புள்ளி. ஒரு காயினில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, லட்சத்தில் ஒரு பங்கு என்றெல்லாம் வாங்குவார்கள். புள்ளிக்குப் பிறகு நாலைந்து சைபர் வந்தால் எக்செல் அதைச் சுருக்கி, எண்ணும் எழுத்தும் கழித்தல் குறியும் கலந்து ஒரு உருவத்தில் காட்டும். முன்பு ஒருவர் அதைப் பார்த்துவிட்டு நாலு காயின் விற்றதாகக் கையால் எழுதிக்கொண்டு வந்தார். அப்படியே போட்டிருந்தால் அவர் இந்தக் காயினால் ஊரையே விலைக்கு வாங்கியிருக்க வேண்டும்.

அப்புறம் எந்த வாங்கலை எந்த விற்பனையோடு சேர்ப்பது? ஒரே காயினைப் பத்து விலையில் பத்து நாளில் வாங்கியிருப்பார்கள், மூன்றை விற்பார்கள். முதலில் வாங்கியது முதலில் போயிற்று என்று எடுத்துக்கொள்வதே என் வழக்கம். பொதுவாகப் பலரும் செய்வதும் அதுதான். எந்த முறையானாலும் வருடா வருடம் அதையே பிடித்துக்கொண்டு போக வேண்டும், லாபத்துக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது.

படிவத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் சகஜ் படிவம், அதாவது ஐடிஆர் 1, இதற்கு உதவாது. மூலதன ஆதாயமாகக் காட்டுகிறவர்களுக்கு ஐடிஆர் 2, தொழிலாகவே செய்கிறவர்களுக்கு ஐடிஆர் 3. இரண்டிலும் இதற்கென்றே ஒரு அட்டவணை இருக்கிறது. வாங்கிய தேதி, கைமாறிய தேதி, வாங்கிய விலை, வந்த தொகை, வருமானம் என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டத்தில், நட்டமானால் பூஜ்யம் என்று எழுதுக என்று படிவமே சொல்கிறது. பையன் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் சொன்னதை நம்பினான்.

எக்ஸ்சேஞ்ச் எப்போது வேண்டுமானாலும் பட்டியல் கொடுக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். என்னிடம் வந்த ஒருவர் வர்த்தகம் செய்த செயலி ஒரு நாள் சேவையை நிறுத்திக்கொண்டது. உள்ளே போகவே முடியவில்லை. வாங்கிய விலைக்கு ஆதாரம் இல்லை. பேங்க் ஸ்டேட்மென்டையும் பழைய மின்னஞ்சல்களையும் வைத்துக்கொண்டு, கிழிந்த துணியைத் தைக்கிற மாதிரித் தைத்தோம், பாதிதான் சேர்ந்தது. எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்று என் தாத்தா மண்டிக்கடையில் சொல்வார். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் பட்டியலை இறக்கி உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சில் செய்தால் தெரியாது என்று ஒரு நம்பிக்கை ஊருக்குள் உலவுகிறது. 2023 டிசம்பரில் பைனான்ஸ், குக்காயின் உட்பட ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு மத்திய அரசின் நிதி நுண்ணறிவுப் பிரிவு நோட்டீஸ் அனுப்பியது. பைனான்ஸ் பிறகு இங்கே பதிவு செய்துகொண்டு 18 கோடியே 82 லட்சம் ரூபாய் அபராதத்தையும் சந்தித்தது. அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

நம் ஊர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பை மட்டும் சொல்ல ஆசை. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் பெரிய திருட்டு நடந்து, பலருடைய கணக்குகள் முடங்கின. அதில் எக்ஸ்ஆர்பி காயின் வைத்திருந்த ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ என்பது சொத்துதான், அதை உடைமையாக வைத்திருக்கவும் அனுபவிக்கவும் முடியும், ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்து வைக்கவும் முடியும் என்று சொன்னார். முதலீட்டாளருக்கு இது பெரிய பலம். ஆனால் ரிட்டர்ன் போட உட்காரும்போது அந்தப் பலம் கைகொடுப்பதில்லை. முடங்கிக் கிடக்கும் காயினை யாரும் விற்கவில்லை, அதனால் வரியும் இல்லை. போனது போனதுதான் என்றாலும் அந்த நட்டத்துக்கு எந்தக் கட்டமும் இல்லை.

முந்தைய வருடங்களில் காட்டாமல் விட்டவர்கள் இருந்தால், புதுப்பித்த ரிட்டர்ன் என்று ஒரு வழி இருக்கிறது. 2025 முதல் அதற்கு நாலு வருடம் அவகாசம். முதல் வருடத்துக்குள் வந்தால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 25 சதவீதம் கூடுதல், தள்ளிப்போகப் போக 50, 60, 70. சீக்கிரம் வருகிறவருக்கு மலிவு.

பையனுக்கு மீதித் தொகையைக் கட்டி, ரிட்டர்னைத் தாக்கல் செய்து, ஓடிபி வாங்கி முடிக்கும்போது ஜூலை 29 ராத்திரி மணி ஒன்பது. அப்பா எழுந்தவர் மறுபடி உட்கார்ந்து மகனிடம் கேட்டார்.

"இன்னும் அதுல ஏதாச்சும் மிச்சம் இருக்குதா?"

"யுஎஸ்டிடி பன்னெண்டு கெடக்குதுங்கப்பா. ஆயிரம் ரூவா வரும்."

"வித்துத் தொலையாதே சாமி. அதுக்கும் ஆடிட்டர் ஒரு வரி எழுதோணும்."

நன்றி, வணக்கம்.