எதிர்வாதிக்கு முதல் 20 சுலோகம்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு தத்துவ நூலைப் படிக்கும்போது, ஆசிரியர் தன்னை மறுப்பவருக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறார் என்று முதலில் பாருங்கள். பௌத்த ஆசிரியர் நாகார்ஜுனரின் 'விக்ரஹவ்யாவர்த்தனீ' 70 சுலோகங்கள் கொண்ட சிறிய நூல். கி.பி. 2ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பார்கள். அதன் சமஸ்கிருதச் சுவடியை 1936இல் திபெத்தில் கண்டெடுத்தவர் ராகுல சாங்கிருத்யாயன். அந்த நூலில் முதல் 20 சுலோகமும் எதிர்த்தரப்புக்கே!

ஆட்சேபமும் சப்பையானது இல்லை. 'எந்தப் பொருளுக்கும் தனக்கென்று நிலைத்த இயல்பு கிடையாது, எல்லாம் சூனியம் என்கிறீர். அப்படியானால் நீர் சொன்ன வாக்கியமும் சூனியம்தானே, அது எதை மறுக்கும்? அதற்கு மட்டும் இயல்பு உண்டு என்றால், எல்லாம் சூனியம் என்பது பொய்.' இரண்டு பக்கமும் வழியை அடைத்துவிடுகிறார் எதிர்வாதி.

நாகார்ஜுனர் சுற்றி வளைக்கவில்லை. சரி, என் வாக்கியமும் சூனியம்தான் என்று ஒப்புக்கொண்டே தொடங்குகிறார். சூனியம் என்றால் இல்லாதது என்று பொருளில்லை, பிறவற்றைச் சார்ந்து உண்டானது என்பதே பொருள். தேர், குடம், துணி எல்லாம் அப்படி உண்டானவைதான். ஆனாலும் தேர் விறகு சுமக்கிறது, குடத்தில் தேனும் தண்ணீரும் நிற்கின்றன, துணி குளிரைத் தடுக்கிறது. அவை வேலை செய்யும்போது என் வாக்கியம் மட்டும் ஏன் செய்யாது என்கிறார்.

29ஆம் சுலோகத்தில், எனக்குப் பிரதிக்ஞை, அதாவது நான் நிறுவ வேண்டிய கொள்கை, எதுவும் இல்லை, அதனால் குற்றமும் இல்லை என்கிறார். பலரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். தனியாக எடுத்தால் நழுவல் போலத்தான் தெரியும். என்னைக் கேட்டால், வாதத்தைத் தாங்குவது அந்தத் தேரும் குடமும்தான்.

அப்புறம் பிரமாணங்களுக்கு, அதாவது நேரில் காண்பது, ஊகிப்பது போன்ற அறியும் வழிகளுக்கு, வருகிறார். பொருள்களைப் பிரமாணத்தால் அறிகிறோம் என்றால், பிரமாணத்தை எதனால் அறிகிறோம்? நெருப்பு பிறவற்றையும் காட்டும், தன்னையும் காட்டும், பிரமாணமும் அப்படியே என்பது எதிர்வாதியின் பதில். நாகார்ஜுனர் அந்த உவமையையே பிடித்துக்கொள்கிறார். இருட்டில் கண்ணுக்குத் தெரியாத குடம் வெளிச்சம் வந்ததும் தெரிகிறது. அதுபோல நெருப்பும் முதலில் இருட்டில் மறைந்து கிடந்ததா? இங்கே அவர் தன் பங்குக்கு எதையும் நிறுவவில்லை. எதிர்வாதி நம்பும் உவமையை வைத்தே கேள்வி கேட்கிறார். தனக்குப் பிரதிக்ஞை இல்லை என்று முன்பு சொன்னதை இங்கே செய்தும் காட்டிவிடுகிறார்.