ஆன்டிகனியும் கிரியோனும்: இரண்டு வணங்காமுடிகள்

வணக்கம் நேயர்களே. சோஃபக்ளீஸ் எழுதிய 'ஆன்டிகனி' கிரேக்க நாடகம். கி.மு. 441 வாக்கில் ஏதென்ஸில் மேடையேறியது. பல காலமாக என்னை விடாமல் பிடித்திருக்கும் நாடகம் இது.

கதை இதுதான். தீப்ஸ் நகரத்து ஆட்சிக்காக உடன்பிறந்த இருவர் சண்டையிட்டு, இருவருமே மாண்டுபோகிறார்கள். அடுத்து அரியணை ஏறிய கிரியோன் ஓர் ஆணை போடுகிறான்: படையெடுத்து வந்த பாலினைசிஸின் உடலை யாரும் அடக்கம் செய்யக் கூடாது, மீறினால் மரணம். இறந்தவனின் சகோதரி ஆன்டிகனி மீறுகிறாள். கிரியோன் அவளுக்குத் தாய்மாமன். அவன் மகன் ஹீமனுக்குத்தான் அவளைப் பேசி வைத்திருக்கிறது. மாமன் வீட்டுச் சம்பந்தம் முறிந்தால் குடும்பம் என்ன பாடுபடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அரசுக்கும் மனசாட்சிக்கும் நடக்கும் மோதல் என்றுதான் இதைச் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்த இருவரும் பேசுவதைக் கேளுங்கள். இருவரும் ஜீயஸ் கடவுளைத் தன் பக்கம் இழுக்கிறார்கள். இருவரும் அன்போடு வருபவர்களை விரட்டுகிறார்கள். 'நானும் உன்னோடு சாகிறேன்' என்று வரும் தங்கை இஸ்மீனை ஆன்டிகனி ஒதுக்கித் தள்ளுகிறாள். பணிவாகப் பேசத் தொடங்கும் மகனைக் கிரியோன் ஏசி அனுப்புகிறான்.

ஆன்டிகனியைப் பார்த்துக் கிரியோன் சொல்கிறான்: நெருப்பில் காய்ச்சி இறுகிப்போன இரும்புதான் முதலில் உடையும். கொஞ்ச நேரத்தில் ஹீமன் அப்பாவிடம் சொல்கிறான்: வெள்ளத்தில் வளைந்து கொடுக்கும் மரம் தப்பிக்கும், எதிர்த்து நிற்கும் மரம் வேரோடு போகும். அவளுக்குச் சொன்ன அதே அறிவுரை சுற்றி அவனிடமே வந்து நிற்கிறது. கேட்டானா? இல்லை. அவளும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

இனி, நான் யாரிடமும் சொல்லாமல் விடாத இடம். குருட்டு ஞானி டைரீசியஸின் எச்சரிக்கைக்குப் பிறகு கிரியோன் பயந்துவிடுகிறான். என்ன செய்யட்டும் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்கிறான். முதலில் நீ உயிரோடு குகையில் அடைத்துவைத்த ஆன்டிகனியை விடுவி, அப்புறம் பிணத்துக்குக் கல்லறை எழுப்பு என்கிறார்கள். அவன் செய்தது தலைகீழ். முதலில் நாய்கள் குதறிய உடலைக் கழுவி, எரித்து, மேடு எழுப்புகிறான். அதன் பிறகே குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தூக்கில் தொங்கிவிட்டாள்.

உயிரோடு இருப்பவர்களைவிட, கீழே இருப்பவர்களுக்கே நெடுங்காலம் பணி செய்ய வேண்டும் என்று முதல் காட்சியிலேயே இஸ்மீனிடம் சொன்னவள் ஆன்டிகனி. செத்தவனுக்கே முதலிடம், உயிரோடு இருப்பவள் அப்புறம். அவளை எதிர்த்த மாமனும் கடைசியில் அதே வரிசையில்தான் நடந்தான். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன்.

ஹீமனும் தாயும் அடுத்தடுத்து உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள். ஆன்டிகனி கேட்டு வாங்கிய சாவைக் கிரியோன் வேண்டுகிறான்; அது வருவதில்லை.

நேரம் நெருங்குகிறது. பிணத்துக்குக் காவல் நின்றவனைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். அரசனின் எதிரே நடுங்கிக்கொண்டே வாயாடுகிறவன், தன் உயிர் தப்பினால் போதும் என்று வெளிப்படையாகச் சொல்கிறவன். இந்த இருவருக்கும் உண்மையான எதிர்ப்பாத்திரம் அவன்தான் என்பது என் எண்ணம். நாடகத்தைப் படிக்கும்போது அவனையும் கவனியுங்கள். நன்றி, வணக்கம்.